ஏன் என்று கேட்காதவர்

"என்ன தெரியணும்?"

நூலகத்துக்குள் யார் வந்தாலும் அவர் கேட்பது இது ஒன்றுதான். வாங்க, இருங்க எதுவும் கிடையாது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்ப்பார், கேட்பார், பதில் வரும்வரை பேனாவை மூடிக் கையில் வைத்திருப்பார். சிங்களவர் வந்தால் சிங்களத்தில் கேட்பார், நம்மவர் வந்தால் தமிழில். பாடசாலைப் பிள்ளைக்கும் பிரதேச சபை உறுப்பினருக்கும் ஒரே குரல்தான். மாத்தளை டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் உக்குவளைக்கு வந்துபோகும் முஸ்லிம் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலைத்துணியில் ஒரு மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. மேசைமேல் பெயர்ப்பலகை இருந்தாலும் எல்லோருக்கும் அவர் மிஸ்தான்.

கேட்டதைத் தேடி எடுத்துத் தருவார். புத்தகத்தில் இல்லாவிட்டால் பழைய பத்திரிகைக் கட்டுகளில் தேடுவார். அங்கும் இல்லையென்றால், "நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் போனால் எங்கிருந்தோ ஒரு படிவமோ துண்டுப் பிரசுரமோ வந்திருக்கும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்.

எங்கள் பாதையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை தலையைக் குனிந்துகொண்டு வந்தார். விவாகரத்து வழக்கு எப்படிப் போடுவது என்று தெரியவேண்டும் என்றார். மிஸ் ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்து, உரிய பக்கத்தில் ஒரு தாளைச் செருகிக் கொடுத்தார். வியாழக்கிழமை அவருடைய மனைவி வந்தார். அதே கேள்வி. அதே புத்தகம், அதே பக்கம், செருகியிருந்த தாள்கூட அதேதான். அந்த அம்மா போன பிறகு நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் ஒரே கடையில்தான் நிற்கிறார்கள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததென்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒரு பெண்பிள்ளை கல்யாணப் பதிவு பற்றிய சட்டத்தைக் கேட்டு வாங்கிப் படித்தது. இரண்டு கிழமைக்குள் வீட்டைவிட்டுப் போய்விட்டது. அப்பா வந்து மேசையைக் கையால் அடித்தார்.

"பச்சப் புள்ள வந்து கேட்டா, ஏன் கேக்குறன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? நீங்களும் ஒரு தாய்தானே?"

மிஸ் எழுந்து நின்றார். "நான் கேட்டிருந்தா உங்க மகள் இங்க வந்திருக்க மாட்டா. வேற எங்கயாவது போய், பிழையான ஆள்கிட்ட கேட்டிருப்பா" என்றார்.

அந்த மனிதர் அழுதுகொண்டே போனார். மிஸ் சரியாகத்தான் சொன்னார் என்று அன்றும் எனக்கு உறுதியாகத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

நான் அந்த நூலகத்துக்குப் போகத் தொடங்கியது குவைத்தைப் படிக்க.

நான் குவைத்துக்குப் போனதே இல்லை. ஆறு வருடம் மறியலில், சிறையில்தான் இருந்தேன். குருநாகல் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், என் சமையலறையில், என் அரிசி வாளிக்குள்ளிருந்து பொலிஸார் ஒரு பொட்டலம் போதைத்தூளை எடுத்தார்கள். வைத்தவன் என் கணவன். அன்று விடியும்போதே போய்விட்டான். இன்றுவரை அவனைக் காணவில்லை. விளக்கமறியலிலேயே நான்கு வருடம் போனது. அதற்குப் பிறகு தீர்ப்பு, அதற்குப் பிறகு இரண்டு வருடம். வெளியே வந்தபோது நாடே பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. போக ஒரே ஒரு இடம்தான் இருந்தது, உக்குவளையில் அண்ணன் வீடு.

முதல் நாளே அண்ணி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கேன்னுதான் இங்க எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். மாத்திச் சொல்லிறாத. எம்புள்ள ஏ.எல். படிக்குது. நாளைக்கு அதுக்கு நாலு பேரு பொண்ணு கேட்டு வரணும். புரியுதா?"

புரிந்தது. அண்ணி கெட்டவர் இல்லை. எனக்கென்று ஒரு பாயும் தலையணையும் புதிதாக வாங்கி வைத்திருந்தவர். தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் தெரிந்தது, பழைய இடத்தில் இருந்ததைவிடச் சின்னதொரு அறைக்குள் நான் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று. அங்கே கதவு மட்டும்தான் பூட்டியிருந்தது. யாரோடும் எதையும் பேசலாம். இங்கே வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் யோசிக்கவேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். குவைத் சாமான்களோடு கார்கோ பெட்டி எப்போது வரும் என்று கேட்டார்கள். கப்பலில் வருகிறது என்றார் அண்ணி. பாதை முனையில் த்ரீவீல் ஓட்டும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் ஒன்பது வருடம் குவைத்தில் வாகனம் ஓட்டியவர். அவர் சந்தோஷமாக வண்டியை நிறுத்தி, "தங்கச்சி எந்த ஏரியா?" என்றார். "பெரிய ரோட்டுப் பக்கம்" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். கூட வந்த அண்ணி சிரிக்கவில்லை.

"போய் எதையாவது படிச்சிட்டாவது வா" என்று மறுநாள் என்னை அனுப்பிவைத்தார்.

"என்ன தெரியணும்?" என்றார் மிஸ்.

"குவைத்."

"குவைத்ல என்ன?"

"எல்லாம்."

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. குவைத்திலிருந்து வந்தவள் என்று ஊரெல்லாம் தெரிந்த ஒருத்தி குவைத்தைப் பற்றி எல்லாம் தெரியவேண்டும் என்கிறாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். அவர் எழுந்து போய் ஒரு பெரிய அட்லஸைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"மேப்புல இருந்து தொடங்குங்க. மத்தது ரெண்டாவது தட்டுல ஈக்குது."

புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அங்கத்தவராக வேண்டும். அதற்கு ஊரில் வரி கட்டும் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போடவேண்டும். அண்ணன் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து விசயம் வேணாம்மா" என்று திருப்பித் தந்தார். வெறும் படிவத்தோடு நான் போய் நின்றதும் மிஸ் அதை வாங்கி இழுப்பறைக்குள் வைத்தார். "உள்ளுக்கு இருந்து வாசிக்க யார்ட கையெழுத்தும் தேவையில்ல. ஒம்பது மணிக்குத் திறப்பேன், அஞ்சு மணிக்கு மூடுவேன்" என்றார்.

காசு கொடுத்து எதுவும் வாங்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், முழு நாளும் இருக்கக்கூடிய இடம் அந்த ஊரில் அது ஒன்றுதான். சால்மியா, ஹவல்லி, ஜஹ்ரா என்று பெயர்களைப் பாடமாக்கினேன். புழுதிப் புயல் எந்த மாதம் வரும், வெள்ளிக்கிழமை கடைகள் எத்தனை மணிக்குத் திறக்கும், வீட்டு எஜமானியை வேலைக்காரப் பெண்கள் எப்படிக் கூப்பிடுவார்கள், எல்லாம் படித்தேன். நான் கேட்காமலே மிஸ் சிலதைக் கொண்டுவந்து வைப்பார். ஒருநாள் அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிய ஒரு பழைய கையேடு. இன்னொரு நாள், தொலைந்த அடையாள அட்டைக்குப் பதில் புதியது எடுக்கும் விண்ணப்பம். என்னிடம் அட்டை இல்லை என்று நான் சொல்லியிருக்கவில்லை. அங்கத்தவர் படிவத்தில் அந்த இலக்கத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த விண்ணப்பத்தில் அட்டை எப்படித் தொலைந்தது என்று ஒரு கேள்வி இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்தேன். மிஸ் என்னைக் கடந்து போய், ஏற்கெனவே தூசி தட்டிய தட்டை மறுபடியும் தட்டத் தொடங்கினார். நான் எழுதி முடிக்கும்வரை அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

அது கருணையென்றுதான் நினைத்தேன். ஆனால் நாள் போகப்போக எனக்கு அதில் மூச்சு முட்டத் தொடங்கியது. வீட்டில் உண்மை தெரிந்தவர்கள் அதைப் பேச விடவில்லை. வெளியே இருப்பவர்களுக்கு உண்மை தெரியாது. உலகத்தில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, உனக்கு என்ன நடந்தது என்று கேட்டால் போதும் என்றிருந்தது. அப்படிக் கேட்கக்கூடிய ஒரே ஆள், எதையும் கேட்பதில்லை என்று வைத்திருந்தார்.

இதற்கிடையில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். த்ரீவீல் நானாவே என்னோடு ஐந்து நிமிடம் குவைத் பேசிவிட்டுப் போவார். பின்னேரங்களில் பக்கத்து வீட்டுப் பவானி வந்து கதை கேட்பாள். முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு பிள்ளைகள். மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து புருஷன் படுக்கையில். அவளுக்குக் கதை சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டிலிருந்து கடல் தெரியும் என்றேன். மேடம் என்னைத் தன் பக்கத்தில் இருத்திச் சாப்பிட வைப்பார் என்றேன். புத்தகத்தில் பார்த்த படங்களிலிருந்து ஒரு வீட்டைக் கட்டி, அதற்குள் ஒரு நல்ல மேடத்தை வைத்திருந்தேன். பகலில் எனக்கே அதற்குள் போய் இருக்கவேண்டும்போல் இருக்கும்.

ஒருநாள் பவானி ஒரு கடவுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அக்கா, எனக்கும் குவைத்துக்கே சரி வந்திருச்சு. ஏஜன்சிக்காரர் ஜோர்டான்னுதான் சொன்னாரு. நான்தான் அடம் புடிச்சேன். அக்கா இருந்த மாதிரி ஒரு வீடு கெடச்சாப் போதும்னு."

அண்ணி எனக்குப் பின்னால் நின்று, "நல்லா இருப்ப, போயிட்டு வா" என்றார்.

மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். மிஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கதவைத் திறந்தார். தன் இடத்தில் இருந்த பிறகுதான் கேட்டார்.

"என்ன தெரியணும்?"

"குவைத்துல வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு உண்மையா என்ன நடக்குதுன்னு தெரியணும் மிஸ்."

பூட்டிய அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தந்தார். வருடக்கணக்கில் அவரே பத்திரிகைகளில் வெட்டி ஒட்டியவை. சம்பளம் இல்லாதவர்கள், கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவர்கள், அறைக்குள் பூட்டிவைக்கப்பட்டவர்கள். நல்ல வீட்டில் இருந்து சந்தோஷமாக வந்தவர்களும் இருந்தார்கள், நான்கைந்து பேர். நான் மத்தியானம்வரை படித்தேன். பிறகு கோப்பைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் புத்தகங்களுக்கு இலக்கத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மிஸ், நான் குவைத்துக்குப் போனதேயில்ல."

"ம்."

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"போயிட்டு வந்தவங்க மூணு மாசமா அந்த மேப்பப் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. அவ்வளவுதான் தெரியும்."

"நான் மறியல்ல இருந்தேன். ஆறு வருசம்."

அவர் பசைத் தூரிகையை வைத்தார். துணியில் விரல்களைத் துடைத்தார். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அருவருப்பு, ஒரு இரக்கம், ஏதாவது ஒன்று வரும் என்று. அவர் மெதுவாகச் சொன்னார்:

"சரி. இப்ப என்ன தெரியணும்?"

எனக்குள் என்னவோ அறுந்துபோனது.

"ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா மிஸ்? ஏன் உள்ள போன, என்ன பண்ணுனன்னு ஒரு வார்த்த? அரிசி வாளிக்குள்ள கை விட்டப்போ எனக்கு விரல்ல தட்டுப்பட்டுச்சு. ரெண்டு நாளு தட்டுப்பட்டுச்சு. என்னாதுன்னு அந்த மனுசன்கிட்ட நான் கேக்கல. கோர்ட்ல தெரியாதுன்னு சொன்னேன். கேக்காம மூடி வச்சதுக்குத்தான் ஆறு வருசம் இருந்தேன். நீங்களும் கேக்க மாட்டீங்க. கேக்காம இருக்கிறது பெரிய நல்ல குணம்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க!"

பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் தாளை இறக்கி என்னைப் பார்த்தார். ஆறு வருடத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றை நான் கத்திச் சொல்லியிருந்தேன்.

மிஸ் பசைக் குப்பியை மூடினார். அவர் முகம் சிவந்திருந்தது. பிறகு சொன்னார்:

"அது உங்க வீடு. உங்க அரிசி. அங்க நீங்க கேட்டிருக்கணும், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனா இது என் வீடில்ல. இங்க வாறவங்க கேக்குறதுக்கு வாறாங்க, பதில் சொல்றதுக்கு இல்ல. உங்கள்ட ஆறு வருசமா எத்தன பேர் கேள்வி கேட்டிருப்பாங்க? பொலிஸ், கோர்ட், லோயர். நானும் கேட்டா, நீங்க பதில் சொல்லியே ஆகணும்னு ஆயிரும்." சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நீங்களா சொல்றதா இருந்தா சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன்."

சொன்னேன். பவானிக்குக் கட்டிய கதையையும் சொன்னேன். நடுவில் இரண்டு பிள்ளைகள் புத்தகம் மாற்ற வந்தார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்றார். ஐந்து மணிக்குச் சாவியை எடுத்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைப் பூட்டும்போது, முதல்முறையாக நான் சொன்னதைப் பற்றி ஒன்று கேட்டார்.

"அந்தப் புள்ள எப்ப போறா?"

"வார மாசம்."

"அப்ப நாள் ஈக்குது. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. உள் அறையத் தாறேன்."

உள் அறை என்பது ஒரு மேசையும் கிழிந்த புத்தகங்களும் வைத்த சின்ன இடம். பவானியை அங்கே இருத்தி, கோப்பில் படித்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள்.

"அப்ப அந்தக் கடலு?"

"புத்தகத்துல பார்த்தது."

"அந்த மேடம்? பக்கத்துல இருத்தி சோறு போட்ட மேடம்?"

"அப்படி யாரும் இல்ல பவானி."

அவள் எழுந்தாள். "எம்புள்ளைங்களுக்கு நான் அந்த மேடத்தப் பத்தித்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். போய்விட்டாள்.

இரண்டு நாளில் பாதை முழுக்கத் தெரிந்துவிட்டது. கார்கோ பெட்டி பற்றி யாரும் கேட்கவில்லை. த்ரீவீல் நானா என்னைக் கண்டால் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அண்ணி என் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். ஒரே ஒருமுறை கதவோரம் நின்று சொன்னார்: "உனக்காகவும்தான் அந்தப் பொய்யச் சொன்னேன். எம்புள்ளைக்கு மட்டும் இல்ல." அது உண்மை. வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. அதே பாய், அதே தலையணை.

நூலகத்தில் மாஸ்டர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். மறுநாள் காலை போனபோது பத்திரிகைத் தாங்கி இடம் மாறியிருந்தது. என் மேசைக்குப் பக்கத்தில் நின்றது. பத்திரிகை வாசிக்க வேண்டுமென்றால் அங்கேதான் வந்து இருக்கவேண்டும். மாஸ்டர் மூன்று நாள் பத்திரிகை இல்லாமல் இருந்துபார்த்தார். நான்காம் நாள் வந்து இருந்தார். மிஸ் இதைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசவில்லை.

பவானி மறுபடி வந்தது அவளுடைய பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது. நேராக நூலகத்துக்கு வந்தாள். மிஸ் கேட்கும் முன்பே, "இவங்களப் பார்க்க வந்தேன்" என்றாள். என் முன்னால் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"போகத்தான் போறேன்க்கா. போகாம முடியாது. அவருக்கு மருந்து, புள்ளைங்களுக்குச் சாப்பாடு. நீங்க சொன்ன பொய்ய நான் மன்னிக்கல. ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"கதவப் பூட்டிட்டுப் போயிருவாங்கன்னு அந்தப் பேப்பர்ல எல்லாம் போட்டிருக்குன்னு சொன்னீங்களே. நீங்க ஆறு வருசம் பூட்டுன கதவுக்குள்ள இருந்தவங்க. பூட்டி வச்சா எப்படி இருக்கிறது? புத்தி கெட்டுப் போகாம எப்படி இருக்கிறது? அதச் சொல்லிக் குடுங்க."

அந்த ஆறு வருடத்தில் யாருக்காவது தேவைப்படக்கூடிய ஏதாவது இருக்கிறதென்று நான் நினைத்ததே இல்லை. மேசைக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மிஸ் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேசையருகில் போட்டு இருந்தார். கையில் ஒரு புதிய கொப்பி.

"இந்த விசயம் நம்ம லைப்ரரியில இல்ல" என்றார். "மெதுவாச் சொல்லுங்க. எழுதணும்."

சொல்லத் தொடங்கினேன். முதல் மூன்று நாள் கதவைத் தட்டத் தோன்றும், அதில் பலத்தை விட்டுவிடாதே. வெயில் எந்த ஜன்னலில் எப்போது விழுகிறதென்று பார்த்துக்கொள், மணி தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ("எந்தத் திசை ஜன்னல்னாலும் பார்க்கலாமா?" என்று மிஸ் கேட்டு எழுதிக்கொண்டார்.) பசி இல்லாவிட்டாலும் சோறு வந்ததும் சாப்பிடு. சாப்பாடு கொண்டுவருகிறவரின் பெயரைத் தெரிந்துகொண்டு தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. தொலைபேசி இலக்கத்தைத் தாளில் வைக்காதே, தாளைப் பறித்துவிடுவார்கள், தலையில் வை. பிள்ளைகளின் பெயரை ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் சொல். அதற்கு மேல் சொன்னால் தாங்காது.

கடைசியாகச் சொன்னதை மிஸ் உடனே எழுதவில்லை. பேனா தாளின்மேல் சற்று நேரம் நின்றது. பிறகு எழுதினார்.

தூதரகத்தின் இலக்கத்தை அவரே எடுத்து வந்தார். பவானி கண்ணை மூடிக்கொண்டு முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் சொல்லும்வரை நாங்கள் இரண்டு பேரும் விடவில்லை. நான் பொய்க்காகப் படித்த அரபுச் சொற்களில் அவளுக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டைச் சொல்லிக் கொடுத்தேன். அன்று நூலகம் ஐந்தரைக்குத்தான் மூடியது. நான் அறிய அப்படி ஒருநாள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

பவானி போனாள். அடுத்த வருடம் மிஸ்ஸுக்கு வில்கமுவப் பக்கம் இடமாற்றம் வந்தது. போகும் நாளில் அவர் எனக்கு அடையாள அட்டை வந்துவிட்டதா என்று பார்த்தார், மாத்தளையில் மிளகும் கறுவாவும் பொதி செய்யும் ஓர் இடத்தில் ஆள் தேவை என்ற விளம்பரத்தை வெட்டித் தந்தார், பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். இன்னும் அண்ணன் வீட்டில்தான். அண்ணி இப்போது பேசுகிறார், தேவையான அளவுக்கு.

பவானியை முதல் வீட்டில் நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். ஏழு மாதத்தில் இன்னொரு வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கே பத்தொன்பது நாள் ஓர் அறைக்குள் பூட்டிவைத்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த இந்தோனேசியப் பெண்ணை அவள் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். பத்தொன்பதாம் நாள் அந்தப் பெண் தன் போனைக் கதவிடுக்கால் உள்ளே தள்ளியிருக்கிறாள். தூதரகத்தின் இலக்கம் அவள் தலையில் இருந்தது. ஊர் வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மெலிந்து, ஒரு கைப்பையோடு வந்தாள். வந்த நாலாம் நாள் வேலையிடத்துக்கே வந்து, "மிஸ்ஸப் பார்க்கணும்க்கா" என்றாள்.

ஒரு சனிக்கிழமை போனோம். மாத்தளையிலிருந்து பஸ்ஸில் அரைநாள். இறங்கிய இடத்திலிருந்து அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. நெல்மூட்டை ஏற்றிப்போன ஒரு ட்ராக்டரில் ஏறிக்கொண்டோம். வயல் நடுவே இரண்டு அறைக் கட்டடம். உள்ளே மிஸ் இருந்தார். மடிப்புக் கலையாத தலைத்துணி, மூக்குக் கண்ணாடி. அவர் முன்னால் ஒரு வயதான விவசாயி, நெற்கதிர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அது ஏன் வெளுத்துப் போனதென்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

மிஸ் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பவானியைக் கால்வரை பார்த்தார், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு விவசாயியின் பக்கம் திரும்பி ஒரு புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். புரட்டிய பக்கத்தையே இரண்டாம் முறையும் புரட்டினார்.

பவானி என் காதருகில் குனிந்தாள். "நம்மள அடையாளம் தெரியலையாக்கா?"

"தெரிஞ்சிருச்சு" என்றேன். "நமக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்கல்ல. அதான்."

சுவரோரமாக இருந்த வாங்குப் பலகையில் இரண்டு பேரும் போய் இருந்துகொண்டோம்.